சாலாமிசிரியும் நம் தராசும்



சென்ற தை மாதக் கடைசியில் சாலவாக்கத்திலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர் உத்திரமேரூரில் இருக்கும் எங்கள் மொத்தக் கடைக்குச் சரக்கு எடுக்க வந்தார். இவருடைய தகப்பனார் காலத்திலிருந்தே எங்களுக்கு வரவு செலவு உண்டு. அவர் நீட்டிய பட்டியலில் துவரம் பருப்பு, உளுந்து, மிளகாய், புளி என்று வழக்கமான சரக்குகள் எல்லாம் இருந்தன. கடைசி வரியில் மட்டும் புதிதாக ஒன்று: "சாலாமிசிரி – 5 கிலோ".

"என்ன தம்பி, நாட்டு மருந்தும் ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டோம்.

"ஆமாங்கய்யா. ஒரு அலமாரி ஒதுக்கியிருக்கேன். செல்போன்ல பார்த்துட்டு வந்து ஜனங்க கேக்குறாங்க. பாலில் போட்டுக் குடிச்சா உடம்பு தேறுமாமே. வந்த கிராக்கியை ஏன் திருப்பி அனுப்பணும்?" என்றார்.

கேட்டதில் தவறில்லை. வந்த வாடிக்கையாளரை 'இல்லை' என்று சொல்லி அனுப்பாதே என்பதுதான் நம் தொழிலின் பாலபாடம். ஆனால் இந்த ஒரு சரக்கில் 'இல்லை' என்று சொல்லும் பாடத்தை நாங்கள் நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டோம். அதை அவரிடம் சொன்னபோது, "இதை நம்ம சங்கப் பத்திரிகையில எழுதுங்கய்யா, எல்லாருக்கும் உபயோகப்படும்" என்றார். அதனால் இந்தக் கட்டுரை.

சரக்கு என்ன? பெயர் எங்கிருந்து வந்தது?

சாலாமிசிரி என்பது ஒரு பூண்டின் கிழங்கு. ஆர்க்கிட் என்று சொல்கிறார்களே, பூச்செண்டுகளில் வைக்கும் விலை உயர்ந்த பூ, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆர்க்கிட் என்றால் மரத்தில் தொற்றி வளர்வது என்றே பலரும் நினைக்கிறோம். தரையில் முளைத்து, மண்ணுக்குள் கிழங்கு வைக்கும் ஆர்க்கிட் வகைகளும் ஏராளம். அவற்றில் சிலவற்றின் கிழங்கைத்தான் மனிதர்கள் உணவாகவும் மருந்தாகவும் தோண்டி எடுத்து வந்திருக்கிறார்கள்.

அரபு மொழியில் 'தஅலப்' என்றால் நரி. இரண்டு கிழங்குகள் ஜோடியாக இருக்கும் உருவத்தைப் பார்த்து, நரியின் விதை என்ற பொருளில் அந்த நாட்டார் பெயர் வைத்தார்கள். அது 'ஸாலப்' ஆகி, வடநாட்டில் 'ஸாலப் மிஸ்ரி' ஆகி, நம் கடை டப்பாக்களில் 'சாலாமிசிரி' என்று ஏறிவிட்டது. 'மிஸ்ர்' என்பது எகிப்து. கற்கண்டுக்கு இந்தியில் மிஸ்ரி என்று பெயர் வந்ததும் அந்த எகிப்தின் பெயரால்தான். அந்தக் காலத்தில் எந்த வழியாகச் சரக்கு வந்ததோ, அந்த ஊர்ப் பெயரை வியாபாரிகள் ஒட்டிவிடுவார்கள். இது நாம் இன்றும் செய்வதுதானே!

கிரேக்க மொழியில் 'ஆர்க்கிஸ்' என்ற சொல்லுக்கும் விதை என்றே பொருள். ஆர்க்கிட் என்ற பெயரே அதிலிருந்து வந்தது. ஆக, கிழங்கின் உருவத்தைப் பார்த்துத்தான் 'ஆண்மைக்கு நல்லது' என்ற நம்பிக்கை பல நாடுகளிலும் பரவியது. உண்மையில் கிழங்கில் இருக்கும் முக்கியமான சத்து குளுக்கோமன்னான் என்ற ஒருவகைப் பசை. தண்ணீர் பட்டால் பலமடங்கு ஊதும். ஒரு பங்கு தூளுக்கு நாற்பது, ஐம்பது பங்கு வெந்நீர் விட்டாலும் கூழாகக் கெட்டிப்படும். அதனால்தான் காய்ச்சலில் அடிபட்டு வயிறு தாங்காத நோயாளிக்குக் கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுத்தார்கள். நம் சித்த வைத்தியர்கள் பாலிலும் லேகியத்திலும் சேர்த்தார்கள். துருக்கியில் குளிர்காலத்தில் இதைச் சூடான பானமாகக் குடிக்கிறார்கள். அந்த நாட்டு மராஷ் நகரத்து ஐஸ்கிரீம் இந்த மாவின் பசையால்தான் கொக்கியில் தொங்கவிட்டுக் கத்தியால் அறுக்கும் அளவுக்குக் கெட்டியாக இருக்கிறது. இங்கிலாந்தில், காபியும் தேயிலையும் ஏழைகளுக்கு எட்டாத 18ஆம் நூற்றாண்டில், லண்டன் தெருக்களில் கூலிக்காரர்களின் காலைப் பானமாக இது விற்றது.

நாங்கள் தோண்டிய குழி

எங்கள் தகப்பனார் முதலில் சாலவாக்கத்தில்தான் பெட்டிக்கடை வைத்திருந்தார். 1962இல் உத்திரமேரூருக்கு வந்து மொத்த வியாபாரம் தொடங்கினார். மளிகையோடு கொஞ்சம் நாட்டு மருந்துச் சரக்கும் உண்டு. சென்னை ராசப்ப செட்டித் தெருவிலிருந்து மாதம் ஒரு நடை சரக்கு வரும். சாலாமிசிரி சின்ன அளவுதான். எங்கள் பழைய பேரேட்டைப் பார்த்தால் வருஷத்துக்குச் சராசரி 15 கிலோ. சுற்று வட்டாரத்து வைத்தியர்களும், லேகியம் கிளறுகிறவர்களும் வாங்குவார்கள்.

நாங்கள் பள்ளிப் படிப்பை முடித்து 1976இல் கடையில் உட்கார்ந்தோம். 1984இல் வடநாட்டுச் சரக்கு விலை ஏறிவிட்டது. கிடைப்பதும் அரிதாயிற்று. அப்போது நாங்கள் ஒரு யோசனை செய்தோம். சாலவாக்கத்தை அடுத்த புறம்போக்குப் புதர்க்காட்டில் இதே மாதிரிக் கிழங்கு ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தோம். ஏரிக்கரைப் பக்கம் குடியிருந்த இருளர் குடும்பங்களுக்கு எலி பிடிப்பது, மூலிகை பறிப்பது, கிழங்கு தோண்டுவது எல்லாம் கைவந்த வேலை. அவர்களில் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு, "கிலோவுக்கு இவ்வளவு தருகிறோம், எவ்வளவு இருந்தாலும் கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டோம். 'எவ்வளவு இருந்தாலும்' என்ற அந்த வார்த்தை எங்கள் வாயிலிருந்து வந்ததுதான். தகப்பனார் சொன்னதல்ல.

முதல் வருஷம் பச்சையாக 9 கிலோ வந்தது. அவித்துக் காயவைத்தால் இரண்டு கிலோவுக்கும் குறைவாகத்தான் தேறியது. அடுத்த வருஷம் பச்சையாக 4 கிலோ. மூன்றாம் வருஷம் பெரியவர் வெறுங்கையோடு வந்து நின்றார்.

"என்னய்யா, கிழங்கு எங்கே?"

"ஏது மொதலாளி கிழங்கு? எங்க அப்பன் காலத்துல ஒண்ணை எடுத்தா ஒண்ணை மண்ணைத் தள்ளி மூடிட்டு வருவோம். நீங்க எவ்ளோ இருந்தாலும் கொண்டான்னீங்க. புள்ளைங்க குழி பறிச்சு அத்தனையும் எடுத்துட்டானுங்க. இப்போ பூவும் இல்லை, இலையும் இல்லை."

பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த தகப்பனார் தலை நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. கடையில் வேலைக்குச் சேரும் பையன் எவனாக இருந்தாலும் முதல் நாள் ஒன்றைச் சொல்வார்: "லாபத்தைச் சாப்பிடு. முதலில் கை வைக்காதே." அன்றைக்கு அதை எங்களிடம் அவர் சொல்லவில்லை. பெரியவருக்கு ஒரு படி அரிசி அளந்து கொடுக்கச் சொன்னார். அவ்வளவுதான்.

அந்தக் கிழங்கு 'யூலோஃபியா' என்ற ஆர்க்கிட் இனத்தைச் சேர்ந்தது என்று பல வருஷம் கழித்து ஒரு தாவரவியல் ஆசிரியர் எங்களுக்குச் சொன்னார். இந்தியாவில் பல இடங்களில் இந்த இனத்தின் கிழங்கும் சாலாமிசிரி என்ற பெயரிலேயே விற்கப்பட்டிருக்கிறது. சாலவாக்கத்து இடத்தில் பிறகு பல தடவை தேடிப் பார்த்திருக்கிறோம். எங்கள் கண்ணில் ஒன்றுகூடப் பட்டதில்லை.

செடியின் வரவு செலவு

இந்தச் செடி ஏன் இப்படிச் சட்டென்று அழிந்துவிடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், வியாபாரிகளாகிய நமக்கு மற்றவர்களைவிட நன்றாகவே புரியும்.

வெளிநாட்டுச் சாலாமிசிரிச் செடியில் மண்ணுக்குள் இரண்டு கிழங்குகள் இருக்கும். ஒன்று பழையது. இந்த வருஷத்து இலைக்கும் பூவுக்கும் தன்னிடம் உள்ளதையெல்லாம் கொடுத்துவிட்டுச் சுருங்கிப்போவது. மற்றொன்று புதியது. அடுத்த வருஷத்துக்காகச் செடி சேர்த்து வைக்கும் இருப்பு. பழையது சுருங்கிக் கிடப்பதால் அதற்கு விலை இல்லை. புதியதுதான் சரக்கு. பூத்திருக்கும் நேரத்தில்தான் செடி கண்ணுக்குத் தெரியும். அப்போதுதான் தோண்டுகிறார்கள். ஆக, அடுத்த ஆண்டுக்கான முதல், விதை காய்ந்து விழுவதற்கு முன்பே, மூட்டைக்குப் போய்விடுகிறது. விதைநெல்லைக் குத்திச் சோறாக்கும் கதைதான்.

'விதை இருக்கிறதே, முளைக்காதா?' என்று கேட்கலாம். ஒரு காயில் ஆயிரக்கணக்கில் விதை இருக்கும். ஆனால் தூசி மாதிரி நுண்ணியது. நெல்லுக்கும் பயறுக்கும் இருப்பதுபோல உள்ளே சாப்பாடு கிடையாது. மண்ணில் ஒருவகைப் பூஞ்சை அதற்குத் துணை சேர்ந்து ஊட்டினால்தான் முளைக்கும். முளைத்தாலும் பூக்கிற அளவுக்கு வளரப் பல வருஷம் ஆகும். மண்ணைப் புரட்டிப்போட்ட இடத்தில் அந்தத் துணையும் இல்லாமல் போகலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. காய்ந்த சாலாமிசிரி ஒரு கிலோவுக்கு 1,000 முதல் 4,000 கிழங்குகள் வரை தேவை என்று துருக்கிச் சரக்கைப் பற்றி எழுதியவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு கிழங்கு என்றால் ஒரு செடி. 50 கிலோ மூட்டை ஒன்று என்றால் குறைந்தது 50,000 செடிகள்.

இதைப் படித்த அன்று எங்கள் பழைய பேரேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். 1962 முதல் 1992 வரை 30 வருஷம். வருஷம் 15 கிலோ. மொத்தம் 450 கிலோ. குறைந்த கணக்கில் நாலரை லட்சம் செடிகள். உத்திரமேரூரில் ஒரு சாதாரணக் கடை, அதிலும் ஓரத்தில் ஒரு டப்பாவில் இருந்த சரக்குக்கு இந்தக் கணக்கு. அப்படியானால் நாடு முழுவதும்?

பிற நாட்டு நிலவரம்

இது நம் ஊர்க் கதை மட்டும் அல்ல. துருக்கியில் காட்டிலிருந்து எடுக்கும் சாலெப் கிழங்கை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை இருக்கிறது. ஆனால் உள்நாட்டுக் கிராக்கிக்கே அங்கே கிழங்கு போதவில்லை. தோண்டும் வேலை ஈரானுக்கு நகர்ந்தது. 2013இல் வடக்கு ஈரானில் நடந்த ஓர் ஆய்வு, ஒரே ஆண்டில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட செடிகள் தோண்டப்பட்டதாக மதிப்பிட்டது.

ஆப்பிரிக்காவில் ஜாம்பியா நாட்டில் 'சிக்கண்டா' என்று ஒரு பலகாரம். காட்டு ஆர்க்கிட் கிழங்கை இடித்து, வேர்க்கடலை மாவும் மிளகாயும் சேர்த்து வேகவைத்து, கட்டியானதும் துண்டு போட்டு விற்பார்கள். ஒரு காலத்தில் கிராமத்து ஏழைகளின் உணவு. நகரத்துக்காரர்களுக்கு அந்த ருசி பிடித்துப்போனதும் ஜாம்பியாவில் கிழங்கு தட்டுப்பாடாகி, பக்கத்து நாடான தான்சானியாவின் தெற்கு மலைகளிலிருந்து லட்சக்கணக்கில் வரத் தொடங்கியது. அந்த மலைகளில் பூக்களுக்குப் பேர்போன கிட்டுலோ பீடபூமியைத் தான்சானியா அரசு 2005இல் தேசியப் பூங்காவாக அறிவித்தது.

ஓர் ஊரில் தீர்ந்தால் அடுத்த ஊர், அங்கும் தீர்ந்தால் அடுத்த நாடு. நாங்கள் சாலவாக்கத்தில் மூன்று வருஷத்தில் செய்ததைத்தான் உலகம் பெரிய அளவில் செய்திருக்கிறது.

நம் நாட்டில் இமயமலைப் பக்கத்தில் 'பஞ்சா ஸாலப்' என்று ஒரு வகை உண்டு. கிழங்கு கை விரல்களை விரித்தது போல இருக்கும். ஐந்து விரல் என்பதால் பஞ்சா. காஷ்மீர், இமாசலம், உத்தராகண்டம் மலைகளில் உயரமான புல்வெளிகளில் வளர்வது. அழியும் அபாயத்தில் இருக்கும் மூலிகைகளில் இதையும் வல்லுநர்கள் சேர்த்திருக்கிறார்கள். சியவனப்பிராசத்தில் சேரும் 'அஷ்டவர்க்கம்' என்னும் எட்டு மூலிகைகளிலும் நான்கு, ஆர்க்கிட் கிழங்குகளே. அந்த எட்டும் அரசர்களுக்கே கிடைப்பது அரிது என்று 16ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட பாவப்பிரகாசம் என்ற வைத்திய நூல் கூறி, அவற்றுக்குப் பதிலாகத் தண்ணீர்விட்டான் கிழங்கு, அமுக்கரா போன்றவற்றைச் சேர்க்கலாம் என்று வழி காட்டியிருக்கிறது. மாற்றுச் சரக்கு என்பது நேற்று வந்த தந்திரமல்ல. வைத்தியமே ஒப்புக்கொண்ட வழி. அதை மாற்றுச் சரக்கு என்று வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்பதுதான் விஷயம்.

உருளைக்கிழங்கு மாவு கற்பித்த பாடம்

சொல்லாமல் விற்றால் என்ன ஆகும் என்பதை 1992இல் அனுபவித்தோம்.

உள்ளூர்ச் சரக்கும் இல்லை, வடநாட்டுச் சரக்கும் தாறுமாறான விலை. அந்தச் சமயத்தில் ஒரு தரகர், ஊர் பேர் வேண்டாம், பாதி விலைக்கு சாம்பிள் காட்டினார். பார்வைக்கு அசல் சரக்கு மாதிரியே இருந்தது. மங்கிய மஞ்சள் நிறம், கொம்பு போன்ற கெட்டி, உருட்சி எல்லாம் ஒன்றுதான். சந்தேகம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். பாதி விலைக்கு ஏன் தருகிறார் என்று மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. அதை அமுக்கிவிட்டு 10 கிலோ எடுத்தோம். அதில் ஒரு கிலோ சாலவாக்கத்துக் கடைக்குப் போயிற்று.

அந்த ஊரில் அறுவடைக் கூலி வேலை பார்க்கும் ஒருவர், நீண்ட நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர். சாப்பாடு தங்கவில்லை. வைத்தியர் சாலாமிசிரிக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கச் சொன்னார். அவர் மனைவி வாரக் கூலியில் மிச்சம் பிடித்து 50 கிராம், 50 கிராமாக வாங்கிப் போனார். ஒரு மாதம் கொடுத்தும் ஆள் தேறவில்லை. வைத்தியர் சந்தேகப்பட்டுப் பொட்டலத்தை வாங்கிப் பார்த்தார். நேராக எங்கள் கடைக்கே பஸ் ஏறி வந்துவிட்டார்.

கல்லாப் பெட்டிமேல் இரண்டு கண்ணாடித் தம்ளர்களை வைத்தார். முந்தின இரவே ஊறவைத்துக் கொண்டுவந்தவை. ஒன்றில் அவர் பழைய கையிருப்பிலிருந்து போட்ட அசல் கிழங்கு. நன்றாக ஊதி, உருக்குலையாமல், கண்ணாடி போலத் தெளிந்து கிடந்தது. மற்றொன்றில் எங்கள் சரக்கு. கரைந்து வெள்ளை மாவாக அடியில் படிந்திருந்தது. உருளைக்கிழங்கு மாவைக் கோந்து சேர்த்துப் பிசைந்து, கிழங்கு மாதிரி உருட்டிக் காயவைத்த போலிச் சரக்கு. வடநாட்டில் இதற்கு 'பனாவட்டி' என்று பெயரே உண்டு. அதாவது, செய்த சரக்கு. நூறு வருஷத்துக்கு முன்பே மருந்துச் சரக்குப் புத்தகங்களில் இந்த ஏமாற்று பதிவாகியிருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

வைத்தியர் சத்தம் போடவில்லை. "விலை அதிகம்னு சொல்லியிருந்தா நான் வேற கஞ்சி எழுதிக் கொடுத்திருப்பேனே. இல்லைன்னு சொல்லியிருந்தாலும் எழுதிக் கொடுத்திருப்பேன். இருக்குன்னு சொல்லிட்டீங்களே" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாசகம் இன்றைக்கும் எங்கள் காதில் இருக்கிறது. விற்ற கடைகளுக்கெல்லாம் ஆள் அனுப்பி மீதிச் சரக்கைத் திரும்ப எடுத்தோம். பணம் திருப்பிக் கொடுத்தோம். அந்தக் கூலிக்காரர் வீட்டுக்குத் தகப்பனாரே நேரில் போனார். அவர் பிற்பாடு தேறிவிட்டார். ஆனால் அந்த அம்மாள் அடுத்த பத்து வருஷம் எங்கள் கடைப் பக்கம் ஒரு கிலோ உப்புக்குக்கூட வரவில்லை. அதில் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. தரகரிடம் கொடுத்த பணம் போனது போனதுதான். அத்தோடு பேரேட்டில் சாலாமிசிரிப் பக்கத்தை மூடினோம்.

இரண்டு நஷ்டங்களையும் சேர்த்து யோசித்தபோது ஒன்று விளங்கியது. காட்டில் செடியை நாம் காலி செய்கிறோம். காலியானதால் விலை ஏறுகிறது. விலை ஏறியதால் போலி நுழைகிறது. அந்தப் போலி கடைசியில் நோயாளியின் கஞ்சியில் போய் விழுகிறது. 1984இல் நாங்கள் சொன்ன 'எவ்வளவு இருந்தாலும்' என்ற வார்த்தைக்கும் 1992இல் வைத்தியர் வைத்த தம்ளருக்கும் நேர்வழி இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

காட்டு உயிரினங்களின் பன்னாட்டு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்ஸ்' ஒப்பந்தம் 1975இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1976இல் சேர்ந்தது. ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே அந்த ஒப்பந்தத்தின் பட்டியல்களில் இருக்கிறது. நம் மத்திய அரசு 1998இல் வெளியிட்ட அறிவிப்பில், காட்டிலிருந்து எடுத்து ஏற்றுமதி செய்யக்கூடாத 29 தாவர வகைகளில் ஆர்க்கிட்டுகளும் உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. அதில் 2022இல் செய்யப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், சைட்ஸ் பட்டியலில் உள்ளவற்றையும் சட்டத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் எதையும் தோண்டக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததே.

இதில் நம் கடைக்கு நேராகச் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று. சிங்கப்பூரில், துபாயில் பிள்ளைகள் இருக்கும் வாடிக்கையாளர்கள், "பார்சல் கட்டிக் கொடுங்க, பையனுக்கு அனுப்பணும்" என்று கேட்பார்கள். ஆர்க்கிட் கிழங்கு உரிய சான்று இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்தில் பறிமுதல் ஆகலாம். அனுப்பியவருக்கும் வாங்கியவருக்கும் வீண் தொல்லை. அதைச் சொல்லவேண்டியது விற்கிற நம் கடமை.

உள்ளூர் விற்பனையிலும், ஒரு சரக்கின் பெயரைச் சொல்லி வேறொன்றைக் கொடுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வாணிபம். 'எனக்கும் தெரியாது, மொத்தக் கடையில் அப்படித்தான் கொடுத்தார்கள்' என்றால் வாடிக்கையாளர் ஏற்கமாட்டார்.

கடைக்காரர்கள் கவனத்துக்கு

எங்கள் அனுபவத்திலிருந்து சில யோசனைகள்:

1. சாலாமிசிரி என்று யாராவது சரக்குக் காட்டினால், எந்தக் கிழங்கு, எந்த ஊர், எப்படிக் கிடைத்தது என்று கேளுங்கள். ஆர்க்கிட் கிழங்கு, மாற்றுக் கிழங்கு, செய்த சரக்கு என மூன்றும் இந்த ஒரே பெயரில் வரும். ஆப்கானிஸ்தானத்திலிருந்து வந்த 'பாதுஷா ஸாலப்' என்பது வெங்காய இனத்தைச் சேர்ந்த வேறு கிழங்கு. பதில் தெளிவாக வராவிட்டால் எடுக்காதீர்கள்.

2. ஓர் இரவு ஊறவைத்துப் பாருங்கள். கரைந்து மாவானால் போலி என்று தெரிந்துகொள்ளலாம். ஊதி நின்றால் மட்டும் அது நேர்மையாக வந்த சரக்கு என்று ஆகிவிடாது. காட்டைக் காலிசெய்து வந்த அசலும் அப்படித்தான் ஊதி நிற்கும்.

3. தூளாக எடுக்கவே எடுக்காதீர்கள். தூளில் எதைச் சேர்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

4. மாற்றுச் சரக்கை அதன் சொந்தப் பெயரிலேயே பில் போடுங்கள். அமுக்கரா, தண்ணீர்விட்டான், வெள்ளை முஸ்லி ஆகியவை வயலில் பயிராகின்றன. அமுக்கரா மத்தியப் பிரதேசத்தில் மந்த்சௌர், நீமச் பக்கம் பெருமளவில் சாகுபடியாகிறது. பயிரிட்ட சரக்கா, காட்டுச் சரக்கா என்று கேட்டு வாங்குங்கள். நிலப்பனைக் கிழங்கு போன்றவற்றையும் பெரும்பாலும் காட்டில்தான் தோண்டுகிறார்கள். ஒன்றைக் காப்பாற்றப் போய் மற்றொன்றை அழித்துவிடக்கூடாது.

5. எதற்கு எது மாற்று என்று முடிவு செய்வது வைத்தியர் வேலை. நமக்குத் தராசு போதும். 'இல்லை, வைத்தியரைக் கேட்டு வேறு வாங்கிக்கொள்ளுங்கள்' என்று சொல்வதில் கௌரவக் குறைச்சல் ஏதும் இல்லை.

6. மூலிகை கொண்டுவரும் இருளர் முதலிய எளிய மக்களிடம் 'எவ்வளவு இருந்தாலும்' என்ற வார்த்தையைச் சொல்லாதீர்கள். எதை எவ்வளவு எடுக்கலாம் என்பது நம்மைவிட அவர்களுக்குத் தெரியும். அவர்கள் கொண்டுவரும் மற்றச் சரக்குகளுக்கு நியாய விலை கொடுத்தால், அரிய கிழங்கைத் தோண்டவேண்டிய அவசியம் அவர்களுக்கு வராது.

வெறும் கெட்டிப்படுத்தும் பசைதான் தேவை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. நம் சேனைக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த கொன்ஜாக் என்ற கிழங்கைச் சீனாவிலும் ஜப்பானிலும் பயிர் செய்கிறார்கள். அதிலும் இதே குளுக்கோமன்னான்தான் இருக்கிறது. ஆர்க்கிட் கிழங்குக்கு மட்டுமே உரிய சத்து என்று இதைச் சொல்வதற்கில்லை.

பொன் வாரியம் இருந்த ஊர்

உத்திரமேரூர் என்றால் குடவோலைக் கல்வெட்டு எல்லாருக்கும் நினைவு வரும். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் பொறித்தது. அதில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் இவற்றோடு பொன் வாரியம் என்றும் ஒன்று உண்டு. ஊரில் புழங்கும் பொன்னை மாற்றுப் பார்க்கத் தனியே ஆட்களைத் தேர்ந்தெடுத்த ஊர் இது. ஒரு வியாபாரி கொடுக்கும் பொன்னை அவர் சொல்லுக்காக மட்டும் ஏற்கவேண்டாம், பொதுவில் உரைத்துப் பார்க்கலாம் என்று ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே நம் முன்னோர்கள் ஏற்பாடு செய்துவைத்தார்கள்.

நமது சங்கமும் நாட்டு மருந்துச் சரக்குக்கு அப்படி ஒரு பொது ஏற்பாடு செய்யலாம் என்பது எங்கள் வேண்டுகோள். சங்கக் கட்டடத்தில் ஒரு அலமாரி போதும். முக்கியமான 50 சரக்குகளின் அசல் சாம்பிளை, தெரிந்த வைத்தியரும் தாவரவியல் படித்தவரும் பார்த்துச் சொன்னபின், கண்ணாடிச் சீசாவில் பெயர் எழுதி வைக்கவேண்டும். சந்தேகப்படும் உறுப்பினர் தம் சரக்கைக் கொண்டுவந்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். செலவு பெரிதில்லை. 1992இல் அப்படி ஓர் அலமாரி இருந்திருந்தால் அந்த 10 கிலோ எங்கள் கடைக்குள் நுழைந்திருக்காது.

சாலவாக்கத்துத் தம்பிக்கு அன்று என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். பட்டியலின் கடைசி வரியை அவர் கையாலேயே அடிக்கச் சொன்னோம். அதற்குப் பதிலாக, பயிரிட்ட அமுக்கரா 2 கிலோ, தண்ணீர்விட்டான் கிழங்கு 1 கிலோ, அவற்றின் பெயரிலேயே பில் போட்டுக் கொடுத்தோம். "சாலாமிசிரி கேட்டு வந்தா என்னங்கய்யா சொல்றது?" என்றார்.

"எங்கள் ஊரில் ஒரு காலத்தில் அந்த இனத்துக் கிழங்கு இருந்தது, எங்கள் கடைக்காரர் ஒருவர்தான் தீர்த்துவிட்டார் என்று சொல்லுங்கள்" என்றோம்.

சிரித்தார். ஆனால் அதைத்தான் சொல்கிறாராம். யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை, வைத்தியரைக் கேட்டுவிட்டு அமுக்கரா வாங்கிப் போகிறார்கள் என்று சென்ற வாரம் சரக்கு எடுக்க வந்தபோது சொன்னார்.